அறநெறி வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

உயர்தரம் எழுதி முடித்துவிட்டு, ஞாயிறு காலையில் அறநெறி வகுப்புக்குக் கைகொடுக்க வந்திருக்கிறீர்கள். மிகவும் சந்தோசம். இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் தருகிற புத்தகம் இருக்கிறது, வரவுப் பதிவேடு இருக்கிறது, தேவாரம் பாட உங்களுக்கே வரும். அவற்றைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. வகுப்பின் நடுவில் ஒரு பிள்ளை எழும்பி, “ரீச்சர், நாங்கள் கும்பிட்டனாங்கள்தானே, பிறகு ஏன் இப்படி நடந்தது?” என்று கேட்கும். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். முரசுமோட்டையில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் இருக்கிறது எங்கள் ஊர். இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் 2009 தையில் இதே வீதியால்தான் உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் போனார்கள். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், மாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். அதற்குப் பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். உங்கள் முன்னால் இருக்கப்போகிற பிள்ளைகள் அப்போது பிறக்கவேயில்லை. ஆனால் அந்த வீதியால் போய்த் திரும்பி வந்தவர்களின் வீடுகளில்தான் வளர்கிறார்கள். அவர்களிடம் கடவுள் வழிநடத்துவார் என்று சொல்ல வருகிறவருக்கு மிகுந்த நிதானம் வேண்டும்.

1. பிள்ளையின் வீட்டை அறியாமல் பாடம் தொடங்க வேண்டாம்.

முதல் மாதம் முழுவதும் இதற்கே போனாலும் பரவாயில்லை. விசாரணை மாதிரிக் கேள்வி கேட்கக் கூடாது. பின்னேரத்தில் சைக்கிளில் ஒழுங்கையால் போங்கள், படலையில் நின்று கதையுங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். எந்தப் பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறது, எந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் வேலை செய்கிறாள், எந்த வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு வருகிறார், எந்த வீட்டு வாசலில் கிழமைக்கொரு தரம் நுண்கடன்காரர் வந்து நிற்கிறார் என்று ஊர் தானாகச் சொல்லும். கேட்டதை நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள், வேறொருவருக்கும் சொல்லாதீர்கள். “கடவுள் ஒரு அப்பாவைப் போல” என்று நீங்கள் சொல்கிற ஒரே வசனம் ஒரு பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது பயமாக இருக்கும். இது தெரியாமல் வாய் திறந்தால், நல்ல சொல்லாலேயே புண்படுத்திவிடுவோம்.

2. துன்பம் வராது என்று கடவுளின் பெயரில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

“கும்பிட்டால் ஒன்றும் நடக்காது” என்று சொல்வது சுலபம். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கும்பிட்டவர் வீடு கும்பிடாதவர் வீடு என்று பார்த்துத் தண்ணீர் வரவில்லை. 2021இல் இரசாயனப் பசளையை அரசாங்கம் தடைசெய்ததும் காலபோக நெல் பசளையில்லாமல் மஞ்சளாகி நின்றது. பொங்கல் வைத்து விதைத்தவரின் வயலும் அப்படித்தான் நின்றது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதையும் அழித்துவிட்டுப் போனதைச் சின்னப் பிள்ளைகளே கண்ணால் கண்டார்கள். நீங்கள் கொடுத்த வாக்கை அடுத்த மழை பொய்யாக்கிவிடும். அப்போது பிள்ளை உங்களை மட்டும் விட்டு விலகாது, கடவுளையும் விட்டு விலகும்.

நாங்கள் சொல்லக்கூடியது வேறு. துன்பம் வரும். வந்தால் நீ தனியாக இருக்கமாட்டாய். இந்த இரண்டையும் எப்போதும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

3. அப்பருடைய கதையைக் கல்லில் தொடங்காதீர்கள், அக்காவில் தொடங்குங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்பிக்கையைப் பற்றிப் பாடம் என்றதும் எல்லோரும் திருநாவுக்கரசரிடம் போவார்கள். சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு கலந்த சோறு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்தது. பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்பார்கள். ஆனால் 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் சொந்தங்களைக் கடலுக்குக் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருக்கலாம். “எங்கட மாமா ஏன் மிதக்கேல்லை?” என்று அது கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

ஆகையால் திருவாமூரில் தொடங்குங்கள். சேக்கிழார் தொடங்கியதும் அங்கேதான். புகழனார், மாதினியார் என்ற தாய் தகப்பனுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் திலகவதி, மகன் மருள்நீக்கி. திலகவதியைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவர் போருக்குப் போனார். அதற்கிடையில் தகப்பன் நோயில் இறந்தார், தாயும் போய்விட்டாள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், கலிப்பகையார் போர்க்களத்தில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. இனி நான் ஏன் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் முடிவெடுத்தபோது, தம்பி காலில் விழுந்து அழுதான். அக்காவும் போனால் அவளுக்கு முன்னால் தானே போய்விடுவேன் என்றான். அவள் தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம். போரில் ஆளை இழந்த பெண், தாய் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகள், தம்பியை வளர்க்கிற அக்கா. இந்தக் கதைக்கு வன்னியில் விளக்கவுரை தேவையில்லை. வகுப்பில் இருக்கிற பாதிப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு திலகவதியைக் கண்டிருப்பார்கள். 2009க்குப் பிறகு எத்தனை அக்காமார், எத்தனை சித்திமார், தங்கள் கலியாணத்தைத் தள்ளிவைத்து, தையல் மெசினையும் ஒரு பசுமாட்டையும் வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் புராணம் எழுதவில்லை.

பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கள். தம்பி வளர்ந்து, வாழ்க்கை நிலையில்லாதது என்று கண்டு சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். அக்கா திருவதிகைக் கோயிலில் கூட்டி மெழுகி, பூ மாலை கட்டிக்கொண்டு, தம்பிக்காக மன்றாடிக்கொண்டிருந்தாள். தம்பிக்குச் சூலை நோய் வந்து ஒருவராலும் தீர்க்க முடியாமல் போனபோது, அவர் இரவோடு இரவாக வந்து சேர்ந்தது அக்காவின் வாசலுக்குத்தான். அவள் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திருநாவுக்கரசர் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

கடவுள் எப்படி வழிநடத்துகிறார் என்று பிள்ளை கேட்டால், இந்தக் கதையில் அவர் ஒரு அக்காவைக் கொண்டு வழிநடத்தினார் என்று காட்டலாம். கடலில் கல் மிதந்ததைப் பிள்ளை நம்பலாம், நம்பாமலும் விடலாம். வளர்த்த அக்காவை எந்தப் பிள்ளையும் மறுக்காது.

4. “வினை” என்ற சொல்லைச் சின்னப் பிள்ளையின் காயத்தின் மேல் வைக்காதீர்கள்.

சைவ சித்தாந்தத்தில் வினைக் கொள்கை பெரிய விசயம். நாவலர் பெருமான் சைவ வினாவிடையில் ஒழுங்காக விளக்கியிருக்கிறார், நீங்களும் படித்துத்தான் இருப்பீர்கள். ஆனால் அது ஒருவர் தன்னைத்தானே பார்த்துத் திருந்துவதற்கான கொள்கை. மற்றவனுடைய துன்பத்துக்குக் காரணம் சொல்ல அதை எடுத்தால் அது கொடுமையாகிவிடும். கண்ணிவெடியில் காலை இழந்த தகப்பனின் மகளிடம், “போன பிறப்பில் செய்தது” என்று ஒருவர் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை அன்று முதல் தன் தகப்பனைக் குற்றவாளியாகப் பார்க்கும், அல்லது கடவுளைப் பகைக்கும்.

பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் அருளைச் சொல்லுங்கள். வினையைப் பிறகு, பிள்ளை தானாகக் கேட்கும்போது, அதனுடைய சொந்த நடத்தை பற்றி மட்டும் சொல்லுங்கள். ஊரில் பெரியவர்கள் இப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், அப்படி இல்லை என்று நேரடியாகச் சொல்லுங்கள். பெரியவர்களை மறுத்துப் பேசுகிறோமே என்று தயங்க வேண்டாம். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது பிள்ளை.

5. “சாமி கண்ணைக் குத்தும்” என்ற வசனம் வகுப்பில் ஒரு நாளும் கேட்கக் கூடாது.

சத்தம் போடுகிற பிள்ளையை அடக்க வேறு வழி ஆயிரம் இருக்கிறது.

6. காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி வீடு என்ன சொல்கிறதோ, அதற்கு மேல் நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் தாய்மார் கொட்டகை போட்டு இருந்தார்கள். கையில் பிள்ளைகளின், கணவன்மாரின் படங்கள். அந்தப் போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. பதில் கிடைக்காமலேயே சில தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இப்போது உங்களிடம் வருகிறார்கள். கொட்டகை கோயில் வாசலில் எழுந்ததைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்காதபோது கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்று எங்கள் பெண்களுக்குத் தெரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒரு சின்ன விசயம். சில வீடுகளில் காணாமல் போனவரின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் இன்றும் அர்ச்சனை செய்கிறார்கள். உயிரோடு இருப்பவருக்குத்தானே அர்ச்சனை. வேறு சில வீடுகளில் மனம் தேறி, ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த வீடு எந்தப் பக்கம் என்று அறிந்துகொள்ளுங்கள். அர்ச்சனை செய்கிற வீட்டுப் பிள்ளையிடம் “அப்பப்பா கடவுளிட்டப் போட்டார்” என்று சொல்லிவிட்டால், அதன் அப்பாச்சி இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை நீங்கள் அறுத்துவிட்டீர்கள். அமாவாசை விரத வீட்டுப் பிள்ளையிடம் “திரும்பி வருவார்” என்று சொல்வதும் அதே அளவு பிழை. பிள்ளை “எங்க இருக்கிறார்?” என்று கேட்டால், “எனக்குத் தெரியாது, கடவுளுக்குத் தெரியும், வா, அவருடைய பெயரைச் சொல்லிக் கும்பிடுவம்” என்று சொல்லுங்கள். அது முழு உண்மை. அதற்கு மேல் ஆறுதல் கட்டிச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

7. கடவுளோடு சண்டை பிடிக்கப் பிள்ளையை விடுங்கள்.

கோபத்தோடு கும்பிடுவது பாவம் என்று நினைக்கிற ஆசிரியர் இருக்கிறார்கள். சுந்தரர் பாடியதைப் படித்தால் அந்த நினைப்புப் போய்விடும். சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுப் போனபோது அவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. தன் பிழைதான் என்று தெரியும். தெரிந்தும் இறைவனை விடாமல் கேட்டார், முறையிட்டார், குத்திக்காட்டினார். அந்தப் பாட்டுகளை நாங்கள் திருமுறை என்று போற்றி ஓதுகிறோம், கிழித்து எறியவில்லை.

அந்தக் கதையில் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் காட்டுங்கள். சுந்தரர் கேட்டது கண். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஒரு ஊன்றுகோல். அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். காஞ்சியில் ஒரு கண் வந்தது, திருவாரூரில் மற்றது. கேட்டது உடனே கிடைக்கவில்லை. அடுத்த ஊர் வரை நடப்பதற்கு வேண்டியது கிடைத்தது. தாய் வெளிநாடு போன பிள்ளைக்கு அந்தக் கோல் யார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரியம்மா என்பார்கள், பக்கத்து வீட்டு ஆச்சி என்பார்கள், ஒரு பையன் தன் நாயின் பெயரைச் சொல்லலாம். சிரிக்காதீர்கள், அவனுக்கு அது உண்மை.

8. நம்பிக்கை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அல்ல என்று சொல்லிக்கொடுங்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தெரியாத பிள்ளை எங்கள் பக்கம் இல்லை. ஏ9 வீதியால் போகிற பஸ்சும் லொறியும் அங்கே நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், கச்சான் வாங்குவார், திருநீற்றைப் பூசுவார். பிறகு ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிப்பார். தேங்காய் உடைத்தாயிற்று, இனிப் பிள்ளையார் ஓட்டட்டும் என்று கையை எடுத்த சாரதியை யாரும் கண்டதில்லை. பிள்ளைகளுக்கு இந்த ஒரு காட்சி போதும், புத்தகத்தில் இருக்கிற வரைவிலக்கணம் வேண்டியதில்லை.

பெரிய வகுப்புக்கு முகமாலையைச் சொல்லுங்கள். அங்கே கண்ணிவெடி அகற்றும் வேலையில் எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிறவர்கள் பலர். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிற பெண், பாதுகாப்பு அங்கியும் முகமறைப்பும் போடாமல் ஒரு அடி உள்ளே வைக்கமாட்டாள். நிலத்தைத் துளித்துளியாகச் சுரண்டித்தான் முன்னுக்குப் போவாள். அவளுடைய கும்பிடுதல் அவளை அசட்டையாக்கவில்லை, கையை நடுங்காமல் வைத்திருக்கிறது.

9. புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கடவுளோடு பேரம் பேச விடாதீர்கள்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் நேர்த்தி வைப்பார்கள். பாஸ் பண்ணினால் நூறு தேங்காய், பாஸ் பண்ணினால் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கல். தாய்மார்தான் சொல்லிக் கொடுப்பது. நேர்த்தி வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது எங்கள் ஊரின் பக்தி. ஆனால் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை, கடவுள் என்னை வேண்டாம் என்றுவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறது. பத்து வயதில் அந்த எண்ணம் விழுந்தால் பிடுங்குவது கடினம்.

ஆகவே பரீட்சைக்கு முந்திய ஞாயிறு ஒரு பூசை வையுங்கள். “நல்லாப் படிக்க, பயப்படாமல் எழுத, என்ன வந்தாலும் தாங்க” என்று மட்டும் வேண்டச் சொல்லுங்கள். பெறுபேறு வந்த பிறகும் ஒரு பூசை வையுங்கள், எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து. வென்ற பிள்ளைகளுக்கு மட்டும் மாலை போட்டுப் படம் எடுக்கிற வேலையைப் பள்ளிக்கூடம் செய்யட்டும், நாங்கள் செய்யக் கூடாது. கோயில் என்பது புள்ளி பார்க்காத ஒரு இடமாவது இருக்கட்டும்.

10. யோகர் சுவாமியைக் கிளிநொச்சிக்காரராகவும் அறிமுகப்படுத்துங்கள்.

யாழ்ப்பாணத்துச் சித்தர், கொழும்புத்துறை இலுப்பை மரத்தடி, நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1872இல் பிறந்த அந்த மனிதர் துறவுக்கு முன்னால் நீர்ப்பாசனத் திணைக்களத்தில், இரணைமடு வேலைக்காகக் கிளிநொச்சியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வருகிற அதே இரணைமடு. இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மண்வெட்டியும் கயிறும் கணக்குக் கொப்பியும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குள் தேடல் வளர்ந்தது. கடவுள் ஒருவரைத் தன் பக்கம் திருப்புவதற்கு மலையும் குகையும் தேவைப்படவில்லை, குளக்கட்டு வேலைத்தலமே போதுமாக இருந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அவருடைய மகாவாக்கியங்கள் நான்கும் எங்கள் வீடுகளில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. கெடுதல் என்று ஒன்றே இல்லை என்ற கருத்துள்ளது அதில் ஒன்று. அது நீண்ட தவத்தின் முடிவில் ஒரு ஞானி கண்டது. வெள்ளத்தில் ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளையிடம் அதை எடுத்துச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நடந்தது கெடுதல்தான். முதலில் அதைக் கெடுதல் என்று ஒத்துக்கொண்டு, கூட இருந்து அழ விடுங்கள். வாக்கியம் சுவரில் இருக்கட்டும், வளரும்போது தானாகப் படிக்கும்.

11. கந்தசட்டியில் சூரன் தலை விழுந்ததோடு கதையை முடிக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சூரன்போர் என்றால் உயிர். தலை மாறி மாறி விழுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். கடைசியில் மாமரம் பிளந்து, ஒரு பாதி மயிலும் மறுபாதி சேவலும் ஆனதைக் கட்டாயம் சொல்லுங்கள். பகைவனைக்கூட முருகன் எறிந்துவிடவில்லை. ஒன்றை வாகனமாகவும் மற்றதைக் கொடியாகவும் வைத்துக்கொண்டான். இவ்வளவு பகையைக் கண்ட மண்ணில் வளர்கிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

12. மே மாதத்தில் கஞ்சியைப் பற்றிக் கேட்பார்கள். தயாராக இருங்கள்.

மே 18க்கு முந்திய கிழமையில் சந்திகளிலும் கோயிலடிகளிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவார்கள். அரிசியும் தண்ணியும் உப்பும். சிரட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு, “இது ஏன் ரீச்சர் இவ்வளவு தண்ணி?” என்று சின்னப் பிள்ளை கேட்கும். அதுதான் அன்று இருந்தது என்று சொல்லுங்கள். செல் விழுந்துகொண்டிருந்த இடத்தில், பதுங்குகுழிகளுக்கு இடையில், யாரோ அரிசி சேர்த்து, யாரோ விறகு தேடி, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். வரிசையில் நின்ற இடத்திலேயே செத்தவர்களும் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு அதையும் மறைக்காமல் சொல்லலாம், சின்னதுகளுக்கு வேண்டாம்.

அப்போது கடவுள் எங்கே இருந்தார் என்ற கேள்வி வந்தே தீரும். நான் சிவனை நம்புகிறேன். இந்தக் கேள்விக்கு மேடையில் சொல்லப்படுகிற எந்தப் பதிலும் எனக்குப் போதுமானதாக இல்லை. அந்தக் கஞ்சியை ஊற்றிய கையில் இருந்தார் என்று நான் நம்புகிறேன். செல் அடித்த கையை ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இரண்டையும் அப்படியே பிள்ளைகளிடம் சொல்லலாம். உங்களுக்கு விளங்காத இடத்தை விளங்காது என்று சொன்னால், விளங்கும் என்று நீங்கள் சொல்கிற மிச்சத்தைப் பிள்ளை நம்பும்.

13. அடி விழுகிற பிள்ளையிடம் பொறுமையைப் பற்றிப் பேசாதீர்கள்.

எல்லாவற்றிலும் இதுவே மிக முக்கியம். வீட்டிலோ வேறெங்கோ ஒருவர் தன்னை அடிக்கிறார், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார் என்று பிள்ளை உங்களிடம் வாய் திறந்தால், அது எவ்வளவோ நாள் யோசித்து உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. “கடவுளிட்டச் சொல்லு, எல்லாம் சரியாகும்” என்று அனுப்பிவிடுவது பக்தி அல்ல, அந்தப் பிள்ளையைக் கைவிடுவது. கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் சிறுவர்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். குடும்ப மானம், ஊர்க்கதை என்று யார் தடுத்தாலும் நிற்காதீர்கள். அந்தப் பிள்ளை கடவுளை நோக்கி அழைத்த அழைப்பு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

14. வேதக்காரப் பிள்ளையும் வந்து இருக்கும். இருக்கட்டும்.

விளையாட்டுக்கும் அவலுக்கும் கூட்டாளியோடு சேர்ந்து வருவார்கள். எழுப்பி அனுப்ப வேண்டாம், திருநீறு பூசச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். அவர்களிடம் எங்கள் பிள்ளைகள் கேட்டுத் தெரிய வேண்டிய கதைகளும் உண்டு. 2008 ஏப்ரலில் மடுமாதாவின் சொரூபமே மடுவில் இருக்க முடியாமல், தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்து ஓடிய சனத்தோடு மாதாவும் இடம்பெயர்ந்தாள் என்று அந்தச் சனம் சொல்கிறது. எங்கள் ஆட்களும் உடுப்பை விட்டாலும் சாமிப்படத்தை விடாமல் பையில் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். கூட வருகிற தெய்வம் என்ற எண்ணம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

15. இனி வேலை விசயம்.

ஞாயிறு காலை ரியூசன் வைக்கிறவர்கள் பிள்ளைகளை இழுப்பார்கள். சண்டைக்குப் போகாமல் பெற்றோரோடு கதையுங்கள், நேரத்தை ஒழுங்குபடுத்தலாம். தேவாரத்தைப் பண்ணோடு பாடப் பழக்குங்கள், ஒரு வகுப்பில் ஒன்று போதும். பொருள் சொல்லாமல் பாடமாக்க விடாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வகுப்பை நிறுத்திவிட்டு, அப்பர் கையில் பிடித்த உழவாரத்தை நினைத்து, கோயில் வளவைச் செதுக்கித் துப்புரவாக்குங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை புல்லுப் பிடுங்கும்போது எல்லாவற்றையும் கதைக்கும், பக்கத்தில் இருந்து பிடுங்குங்கள். மழைக்காலத்தில் வாய்க்கால் கரையால் வருகிற பிள்ளைகளை வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். வகுப்பு முடிந்ததும் முல்லைத்தீவு வீதியில் மணல் டிப்பர்கள் பறக்கும். சின்னவர்களைத் தனியாக விடாமல், நீங்களே கையைப் பிடித்து வீதியைக் கடக்கவைத்துவிட்டுப் பிறகு பதிவேட்டை மூடுங்கள்.